ஒரு கடுகு போதும்: பால் ஒவ்வாமை எப்படி இயங்குகிறது?

ஒரே வீட்டில் இரண்டு குழந்தைகள். மூத்தவள் காலையில் ஒரு டம்ளர் பாலை மடமடவென்று குடித்துவிட்டுப் பள்ளிக்கூடம் கிளம்புகிறாள். இளையவனுக்கோ அவள் குடித்து வைத்த டம்ளரில் வாய் வைத்தாலே உதட்டைச் சுற்றித் திட்டுத் திட்டாகத் தடிக்கிறது. கண் வீங்குகிறது. சில நேரம் வாந்தியும் வருகிறது. ஒரே பால், ஒரே அடுப்பு, ஒரே அம்மா. பிறகு ஏன் இப்படி?

இதற்கு வீட்டில் கிடைக்கும் பதில்கள் நமக்கெல்லாம் பழக்கமானவை. "நல்லாக் காய்ச்சிக் குடு, ஒண்ணும் செய்யாது." "கொஞ்சம் கொஞ்சமாக் குடுத்தாப் பழகிடும்." "போன தடவை லேசா அரிச்சுது, அவ்வளவுதானே." சொல்கிறவர்கள் அந்தக் குழந்தையின் மேல் உயிரையே வைத்திருப்பவர்கள். ஆனால் மூன்று பேச்சும் ஆபத்தானவை. ஏன் என்பது உடம்புக்குள் நடப்பது தெரிந்தால் விளங்கிவிடும். விளங்கிய வீட்டில் மனத்தாங்கல் குறையும், குழந்தையும் பத்திரமாக இருக்கும். அதற்கு ஒரு தாளிப்புக் கரண்டியும் கொஞ்சம் கடுகும் போதும்.

எண்ணெய் காய்கிறது

ஆறிய எண்ணெயில் கடுகைப் போட்டால் அடியில் போய்ச் சும்மா கிடக்கும். காய்ந்த எண்ணெயில் போட்டால் படபடவென்று வெடிக்கும். கடுகு ஒன்றுதான், எண்ணெயின் சூடுதான் வேறு. இங்கே கடுகு என்று நான் சொல்வது பாலில் உள்ள புரதத்தை. எண்ணெய் என்பது குழந்தையின் நோய் எதிர்ப்பு மண்டலம். அக்காளின் எண்ணெய் ஆறியிருக்கிறது. தம்பியின் எண்ணெய் காய்ந்திருக்கிறது.

காய வைப்பது எது? நம் உடல் ஒட்டுண்ணிப் புழுக்களை எதிர்ப்பதற்கென்று ஐஜிஇ என்ற எதிர்ப்பொருளை வைத்திருக்கிறது. சில குழந்தைகளின் உடல், பால் புரதத்தைத் தீங்கானது என்று தவறாக எண்ணி அதற்கென்றே ஐஜிஇ தயாரித்துவிடுகிறது. அந்த ஐஜிஇ தோல், குடல், மூச்சுக்குழாய் ஆகியவற்றில் உள்ள மாஸ்ட் செல்கள் என்ற எதிர்ப்புச் செல்களின் மேல் போய் உட்கார்ந்துகொள்கிறது. இவ்வளவும் நடக்கும்போது வெளியே ஒரு அறிகுறியும் இருக்காது. எண்ணெய் காயும்போது சத்தம் வராததுபோலத்தான்.

இந்தச் சூடு ரத்தத்தில்தான் இருக்கிறது என்று 1921இல் காட்டியவர்கள் பிரெஸ்லாவ் நகரில் இருந்த கார்ல் பிராஸ்னிட்ஸ், ஹைன்ஸ் கூஸ்ட்னர் என்ற இரண்டு மருத்துவர்கள். கூஸ்ட்னருக்கு மீன் ஒத்துக்கொள்ளாது. பிராஸ்னிட்ஸுக்கு ஒன்றும் செய்யாது. கூஸ்ட்னரின் ரத்தத்திலிருந்து எடுத்த சீரத்தைப் பிராஸ்னிட்ஸ் தன் தோலுக்குள் ஏற்றிக்கொண்டார். மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றைச் செலுத்தியதும் அங்கே தடித்துச் சிவந்தது. அந்தச் சீரத்தில் இருந்தது என்ன என்பது 1960களில் தெரிந்தது. அமெரிக்காவில் கிமிஷிகே இஷிசாகா, தெருக்கோ இஷிசாகா தம்பதியும், ஸ்வீடனில் ஜோஹான்சன், பென்னிக் என்ற இருவரும் தனித்தனியே கண்டறிந்தார்கள். 1968இல் அதற்கு ஐஜிஇ என்று பெயரிடப்பட்டது.

அடுப்பைப் பற்றவைப்பது எது என்பதற்கும் இன்று ஓரளவு விடை உண்டு. கைக்குழந்தைக்குக் கடுமையான கரப்பான் இருந்தால் தோல் வெடித்திருக்கும். வெடித்த தோல் வழியாக உள்ளே போகும் உணவுப் புரதத்தை உடல் பகையாகப் பார்க்கப் பழகுகிறது. வாய் வழியாகக் குடலுக்குப் போகும் அதே புரதத்தை உணவாக ஏற்கப் பழகுகிறது. அதனால் கரப்பானுக்கு ஒழுங்காக வைத்தியம் பார்ப்பது அழகுக்காகச் செய்கிற வேலை இல்லை.

ஓர் இடத்தில் மட்டும் இந்த ஒப்புமை பொருந்தாது. காய்ந்த எண்ணெயில் எதைப் போட்டாலும் பொரியும். உடம்பிலோ பாலுக்குச் சூடு தனி, முட்டைக்குத் தனி, வேர்க்கடலைக்குத் தனி. பால் ஒத்துக்கொள்ளாத குழந்தைக்கு எல்லா உணவையும் நிறுத்த வேண்டியதில்லை.

கடுகு வெடிக்கிறது

ஐஜிஇ ஏறிய மாஸ்ட் செல்லைப் பால் புரதம் வந்து தொட்டதும் அந்தச் செல் தனக்குள் அடைத்து வைத்திருக்கும் ஹிஸ்டமின் முதலான பொருள்களைக் கொட்டிவிடுகிறது. பெரும்பாலும் சில நிமிடங்களிலேயே இது நடக்கும். பொதுவாக இரண்டு மணி நேரத்துக்கு மேல் போகாது. தெறித்தது தோலில் விழுந்தால் அரிப்பு, தடிப்பு, வீக்கம். குடலில் என்றால் வயிற்றுவலி, வாந்தி. மூச்சுக்குழாயில் என்றால் இருமல், வீசிங், குரல் கம்முதல். ரத்தக் குழாய்கள் விரிந்து கசியத் தொடங்கினால் ரத்த அழுத்தம் இறங்கிக் குழந்தை வெளிறித் துவண்டுவிடும். இப்படி உடல் முழுவதும் வேகமாகப் பரவும் நிலைதான் அனாஃபிலாக்சிஸ்.

"கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் பழகிவிடும்" என்ற நம்பிக்கை அறிவியல் வரலாற்றிலேயே ஒருமுறை உடைந்திருக்கிறது. 1902இல் சார்ல் ரிஷே, பால் போர்ட்டியே என்ற பிரெஞ்சு ஆய்வாளர்கள் கடல் சாமந்தியின் நஞ்சுக்கு நாய்களைப் பழக்கப் பார்த்தார்கள். முதலில் சிறிதளவு கொடுத்தார்கள், நாய் பிழைத்துக்கொண்டது. சில வாரம் கழித்து மறுபடி மிகச் சிறிதளவு கொடுத்தபோது அது நிமிடங்களில் இறந்துபோனது. முதல் தடவை கொடுத்தது காப்பாற்றுவதற்குப் பதிலாக எண்ணெயைக் காய வைத்திருந்தது. அனாஃபிலாக்சிஸ் பற்றிய இந்தப் பணிக்காக ரிஷேவுக்கு 1913இல் நோபல் பரிசு கிடைத்தது.

அதே சமயம், பாலால் வரும் எல்லாத் தொந்தரவும் இந்த வகை இல்லை. பால் குடித்த பெரியவர்களுக்கு வயிறு உப்பி, பேதியாவது பாலின் சர்க்கரையான லாக்டோஸைச் செரிக்கும் நொதி குறைவாக இருப்பதால். அது சங்கடம்தான், உயிருக்கு ஆபத்து கிடையாது. கைக்குழந்தையின் மலத்தில் ரத்தம் கலந்து வருவதும், பால் குடித்து ஒன்று முதல் நான்கு மணி நேரம் கழித்து விடாமல் வாந்தியெடுத்துத் துவள்வதும் ஐஜிஇ தொடர்பில்லாத வேறு வகை ஒவ்வாமையாக இருக்கலாம். ரத்தப் பரிசோதனையில் அவை தெரியாது. குழந்தை மருத்துவர்தான் பிரித்துச் சொல்ல வேண்டும்.

சூடு வெளியே தெரியாது

எண்ணெய் எவ்வளவு காய்ந்திருக்கிறது என்பது மேலாகப் பார்த்தால் தெரியாது. இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். போன தடவை லேசாக அரித்தது என்பது, அன்றைக்கு எண்ணெய் எப்படி இருந்தது என்பதற்கு மட்டுமே சாட்சி. காய்ச்சல், ஆஸ்துமா கட்டுப்பாட்டில் இல்லாத நாள்கள், சாப்பிட்டதும் ஓடியாடி விளையாடுவது, தூக்கமின்மை, சில வலி மாத்திரைகள், இவையெல்லாம் அடுப்பைத் தூண்டிவிடும். நேற்று ஒன்றும் செய்யாத அளவு இன்றைக்கு வெடிக்கலாம்.

அளவைப் பற்றியும் தெளிவு வேண்டும். பசும்பாலில் ஏறக்குறைய 3 சதவீதத்துக்குச் சற்று மேல் புரதம். ஒரு தேக்கரண்டி பாலில் சுமார் 160 மில்லிகிராம். ஒரு சொட்டில் ஒன்றரை மில்லிகிராம். மிக எளிதில் எதிர்வினை காட்டும் குழந்தைகளுக்கு ஓரிரு மில்லிகிராமே போதும். "ஒரு சொட்டுதானே" என்று நாம் சொல்லும் அந்தச் சொட்டு அவர்களுக்கு முழு அளவு.

ஆகவே வீட்டில் யாரும் "இவ்வளவு கொடுக்கலாம், இதற்கு மேல் கூடாது" என்று கண்ணால் அளந்து முடிவெடுக்க முடியாது. தாய்க்கும் முடியாது, பாட்டிக்கும் முடியாது. அளக்க முடியாத ஒன்றை ஒழுங்கால்தான் சமாளிக்க வேண்டும்.

எதிலெல்லாம் இந்தக் கடுகு இருக்கிறது?

பால் புரதத்தில் ஏறக்குறைய 80 சதவீதம் கேசீன், 20 சதவீதம் வே புரதங்கள். பாலைத் திரித்தால் கட்டியாகத் திரள்வது கேசீன், தெளிந்து நிற்கும் நீரில் இருப்பது வே. வே புரதங்கள் சூட்டில் உருமாறும். கேசீன் சூட்டைத் தாங்கும். அதனால் அடுப்பில் எத்தனை முறை பொங்கக் காய்ச்சினாலும் பால் பாதுகாப்பானதாகிவிடாது.

தயிரும் மோரும்? உறை ஊற்றினால் லாக்டோஸ் குறையும், புரதம் அப்படியே இருக்கும். பனீர், பால்கோவா, சீஸ் எல்லாம் புரதம் செறிந்தவை. நெய்யில் பெரும்பகுதி கொழுப்புதான் என்றாலும், உருக்கும்போது அடியில் தங்கும் கசடு பால் புரதம். வடிகட்டிய நெய்யிலும் மிச்சம் இருக்கக்கூடும். லாக்டோஸ் நீக்கிய பாலில் சர்க்கரைதான் இல்லை. ஏ2 பாலில் கேசீனின் ஒரு வகை மாறியிருக்கிறது, அவ்வளவே. ஆட்டுப்பால் புரதம் பசும்பால் புரதத்தை வெகுவாக ஒத்திருப்பதால், பசும்பால் ஒவ்வாமை உள்ள பத்துக் குழந்தைகளில் ஒன்பது பேருக்கு அதுவும் ஒத்துக்கொள்வதில்லை. எருமைப்பாலும் அதே உறவுதான். தெருவில் பீய்ச்சி விற்கும் கழுதைப்பாலின் புரதம் சற்று வேறானது என்றாலும், காய்ச்சாத பாலில் கிருமி இருக்கும். அதை மாற்றாக நம்ப முடியாது. தேங்காய்ப்பால் இவற்றோடு எந்த உறவும் இல்லாதது. பாயசத்துக்கும் குருமாவுக்கும் நல்ல மாற்று.

நம் சமையலில் பால் ஒளிந்திருக்கும் இடங்கள் தனி. மோர்மிளகாய் தயிரில் ஊறிக் காய்ந்தது. அதைப் பொரித்த எண்ணெயில் பிறகு அப்பளம் பொரித்தால் அப்பளத்திலும் ஒட்டும். ரவா தோசை மாவில் மோர் இருக்கலாம். பரோட்டா மாவில் பால், பிரியாணி மசாலாவில் தயிர், வெண்ணெய் முறுக்கில் வெண்ணெய், பேக்கரி பன்னில் பால் பவுடர்.

மற்ற ஒவ்வாமைகளுக்கும் இப்படி ஒளிவிடங்கள் உண்டு. குருமாவிலும் கிரேவியிலும் முந்திரி அரைத்திருக்கும். முந்திரி ஒத்துக்கொள்ளாதவர்களுக்குப் பெரும்பாலும் பிஸ்தாவும் ஒத்துக்கொள்ளாது. செக்கில் ஆட்டிய கடலை எண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் புரதம் தங்கியிருக்கும். வேர்க்கடலையை வறுத்தால் ஒவ்வாமை குறையாது, கூடும். கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலந்திருப்பது வழக்கம். கோதுமை ஒவ்வாமை உள்ள வீட்டில் சாம்பாரும் ரசமும் அந்தச் சிட்டிகையால் கெட்டுப்போகும்.

ஒரு கடுகைப் போட்டுப் பார்ப்பது

எண்ணெய் காய்ந்ததா என்று அறிய நாம் என்ன செய்கிறோம்? ஒரே ஒரு கடுகைப் போட்டுப் பார்க்கிறோம். மருத்துவர்களும் முடிவில் அதைத்தான் செய்கிறார்கள்.

முதலில் மருத்துவர் நடந்ததைக் கேட்பார்: என்ன சாப்பிட்டான், எத்தனை நிமிடத்தில் என்ன ஆனது, எவ்வளவு நேரம் நீடித்தது. இந்தப் பேச்சு பரிசோதனைத் தாளைவிட மதிப்புள்ளது. தடித்த இடத்தைச் செல்போனில் படமெடுத்து வைத்திருந்தால் உதவும். பிறகு தோலில் ஒரு சொட்டுச் சாற்றை வைத்து லேசாகக் கீறிப் பார்ப்பார்கள். 3 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் தடித்தால் அதற்கு ஐஜிஇ இருக்கிறது என்று பொருள். ரத்தத்திலும் ஐஜிஇ அளவைப் பார்க்கலாம்.

ஆனால் இவை இரண்டும் எண்ணெய் வெதுவெதுப்பாக இருக்கிறது என்று மட்டுமே சொல்லும், கடுகு வெடிக்குமா என்று சொல்லாது. கர்நாடகத்தில் பெரியவர்களிடம் நடந்த யூரோபிரீவால் என்ற ஆய்வில் நூற்றுக்கு ஏறக்குறைய 26 பேருக்கு ஏதாவதொரு உணவுக்கு ஐஜிஇ இருந்தது. உண்மையில் ஒவ்வாமை இருக்கக்கூடியவர்கள் நூற்றுக்குச் சுமார் ஒருவர்தான். பரிசோதனைத் தாளில் பத்துப் பெயர் வந்துவிட்டது என்று பத்தையும் நிறுத்தினால் குழந்தை மெலிந்துதான் போகும். ஐஜிஜி என்ற வேறொரு எதிர்ப்பொருளின் அளவைப் பார்த்து நீண்ட பட்டியல் கொடுக்கும் பரிசோதனைகளால் ஒவ்வாமையைக் கண்டறியவே முடியாது. அதற்குப் பணம் செலவழிக்க வேண்டாம்.

ஐயம் தீராவிட்டால், மருத்துவமனையில் மருத்துவர் பக்கத்தில் இருக்க, மிகச் சிறிய அளவில் தொடங்கி படிப்படியாகக் கொடுத்துப் பார்ப்பார்கள். அதுதான் அந்த ஒரு கடுகு. அதை வீட்டில் போட்டுப் பார்க்கக் கூடாது. வெடித்தால் அணைப்பதற்கு ஆளும் மருந்தும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

சமையலறையின் ஒழுங்கு

நம் சாப்பாட்டு முறையிலேயே ஒரு வசதி இருக்கிறது. சாம்பார், ரசம், பொரியல், வற்றல் குழம்பு எதற்கும் பால் தேவையில்லை. நெய்யையும் தயிரையும் இலையில்தான் சேர்க்கிறோம். ஆகவே, அடுப்பில் வேகும் பொதுச் சமையலைப் பால் சேராமல் செய்துவிட்டு, வேண்டியவர்கள் தட்டில் சேர்த்துக்கொள்வது எளிய வழி. குழந்தைக்குத் தனியாக ஏதோ சமைத்து ஒதுக்கி உட்காரவைக்க வேண்டாம். அவனுக்கும் எல்லாருக்கும் ஒரே சாம்பார் என்பதில் அவனுக்கு ஒரு பெரிய நிம்மதி இருக்கிறது.

வரிசையும் முக்கியம். குழந்தைக்கு முதலில் பரிமாறிவிட வேண்டும். தயிர்ச் சாதத்தைத் தொட்ட கரண்டி சாம்பாருக்குள் போகக் கூடாது. இரும்புத் தோசைக்கல் நெய்யை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் என்பதால் குழந்தைக்கென்று ஒரு கல்லும் ஒரு தோசைத்திருப்பியும் தனியாக இருக்கட்டும். டீ வடிகட்டி, மிக்ஸி ஜாரின் ரப்பர் வாஷர், குக்கர் கேஸ்கெட், பாட்டில் மூடி, மரக்கரண்டி, இவற்றின் இடுக்குகளில் பால் தங்கும். ஃபிரிட்ஜில் குழந்தையின் சாப்பாடு மேல் தட்டில், பாலும் தயிரும் கீழ்த் தட்டில். சிந்தினால் கீழேதானே ஒழுகும்.

பாத்திரத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் நீரில் கழுவினால் போதும். கைக்கும் அப்படியே. அமெரிக்காவில் 2004இல் வெளியான ஓர் ஆய்வில், வேர்க்கடலை வெண்ணெய் பட்ட கைகளைச் சோப்பும் ஈரத்துடைப்பானும் சுத்தமாக்கின. வெறும் தண்ணீரும் சானிடைசரும் புரதத்தை முழுக்க எடுக்கவில்லை. பால் குடித்த வாயோடு கன்னத்தில் முத்தம் கொடுத்தால் அந்த இடம் தடிக்கலாம். முத்தத்தை நிறுத்த வேண்டாம், வாயைக் கழுவிக்கொண்டு கொடுங்கள்.

இவற்றையெல்லாம் தாண்டி ஒரு விஷயம் இருக்கிறது, அதுதான் கடினமானது. "அத்தை, இதுல நெய் விட்டீங்களா?" என்று மருமகள் கேட்டால் அது குறை சொல்வதாகத் தோன்றக் கூடாது. "ஆமாம்மா, விட்டேன்" என்று மாமியார் சொன்னால் அதுவே குழந்தையைக் காப்பாற்றிய பதில். நம் வீடுகளில் அன்பு என்றால் கையில் எடுத்து ஊட்டுவதுதான். அந்த அன்பைக் குறைக்கச் சொல்லவில்லை. ஊட்டுவதற்கு முன்பு ஒரு கேள்வியை அதில் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறேன். தெரியாவிட்டால் கொடுக்க வேண்டாம் என்ற ஒரே விதிக்கு வீட்டில் எல்லாரும் கட்டுப்பட வேண்டும், அப்பா உட்பட. பல வீடுகளில் இது அம்மா ஒருத்தியின் தலைமேல் மட்டும் கிடக்கிறது. அவள் குளிக்கப் போன பத்து நிமிடத்தில்தான் யாராவது பிஸ்கட் கொடுத்துவிடுகிறார்கள்.

வீட்டுக்கு வெளியே

பொட்டலத்தில் பச்சைப் புள்ளி இருந்தால் சைவம் என்றுதான் பொருள். பால் இல்லை என்று பொருள் இல்லை. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு லேபிள் விதிகளின்படி பால், முட்டை, மீன், நண்டு இறால் வகை, வேர்க்கடலை, கொட்டைப் பருப்புகள், சோயா, குளூட்டன் உள்ள தானியங்கள் ஆகியவை இருந்தால் தனியாக அறிவிக்க வேண்டும். அந்த வரியைத் தேடிப் படியுங்கள். மில்க் சாலிட்ஸ், வே பவுடர், கேசினேட், பட்டர் ஆயில், எல்லாம் பால்தான். வீகன் முத்திரை இருந்தாலும் அதே இயந்திரத்தில் பால் பொருள் ஓடியிருக்கலாம். வழக்கமாக வாங்கும் பிஸ்கட்டின் சேர்மானமும் மாறக்கூடும், ஒவ்வொரு முறையும் படிக்க வேண்டும்.

கல்யாண வீட்டில் பந்தியில் உட்காரும் முன்பு சமையல்காரரிடமே நேரில் கேட்பது நல்லது. பரிமாறுகிறவருக்குத் தெரிந்திருக்காது. கோயில் பிரசாதத்தில் சர்க்கரைப் பொங்கலிலும் பஞ்சாமிர்தத்திலும் நெய் இருக்கும். கையில் வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டு, வீட்டில் மற்றவர்களுக்குக் கொடுத்துவிடலாம். குழந்தை சாப்பிடவில்லை என்பதால் சாமி கோபித்துக்கொள்ளாது.

பள்ளிக்கூடத்தில் வகுப்பாசிரியரிடம் எழுத்தில் கொடுங்கள். பிறந்தநாள் சாக்லேட்தான் அங்கே முதல் ஆபத்து. அதற்கு மாற்றாகப் பிள்ளை சாப்பிடக்கூடிய மிட்டாய்களை ஒரு டப்பாவில் ஆசிரியரிடமே கொடுத்து வைத்தால் அவன் கை வெறுங்கையாக இருக்காது.

அடுப்பை அணைப்பது

எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஒருநாள் தவறு நடக்கலாம். அன்றைக்குக் குழப்பம் கூடாது.

அரிப்புக்குக் கொடுக்கும் ஆன்டிஹிஸ்டமின் சிரப், தெறித்த எண்ணெயைத் துடைப்பது போன்றது. தோலில் உள்ள தடிப்பு அடங்கும். அடுப்பு எரிந்துகொண்டுதான் இருக்கும். அணைப்பது அட்ரினலின் ஒன்றுதான். அது சுருங்கிய மூச்சுக்குழாயைத் திறக்கும், விரிந்த ரத்தக் குழாய்களை இறுக்கும், மாஸ்ட் செல்கள் மேலும் கொட்டுவதையும் மட்டுப்படுத்தும்.

எப்போது? மூச்சுவிடச் சிரமம், வீசிங், குரல் கம்முதல், நாக்கு வீக்கம், வெளிறித் துவளுதல், மயக்கம் இவற்றில் ஏதாவது ஒன்று வந்தாலே. உடம்பெல்லாம் தடிப்போடு திரும்பத் திரும்ப வாந்தி வந்தாலும்தான். தொடையின் வெளிப்பக்கம், நடுப்பகுதியில், தசைக்குள் போட வேண்டும். வழக்கமான அளவு எடையில் ஒரு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். 15 கிலோ குழந்தைக்கு 0.15 மில்லிகிராம். உங்கள் குழந்தைக்கு உரிய அளவை மருத்துவர் எழுதித் தர வேண்டும். தானாகச் செலுத்தும் பேனா ஊசி நம் ஊரில் எளிதில் கிடைப்பதில்லை. ஆகவே மருந்துக் குப்பியும் சிரிஞ்சும் வைத்திருந்து, போடும் முறையை மருத்துவரிடமே நேரில் பழகிக்கொள்ளும்படி ஆகிறது. அம்மா மட்டும் பழகினால் போதாது. தாத்தாவும் பழகட்டும்.

ஊசி போட்டதும் 108 ஆம்புலன்ஸை அழையுங்கள். குழந்தையைப் படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சு முட்டினால் உட்காரவைக்கலாம், வாந்தி வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைக்கலாம். எழுப்பி நடக்கவைக்கக் கூடாது, தோளில் நிமிர்த்தித் தூக்கிக்கொண்டு ஓடவும் கூடாது. ஐந்து நிமிடத்துக்கு மேலாகியும் தேறாவிட்டால் மருத்துவர் சொல்லியிருப்பதுபோல் இரண்டாவது ஊசி. தேறிவிட்டாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும். சில மணி நேரம் கழித்துச் சிலருக்கு மறுபடி வெடிக்கும். "போடலாமா வேண்டாமா" என்று தயங்கும்போதுதான் உயிர் போகிறது. தேவையில்லாமல் ஒருமுறை போட்டுவிட்டால் கொஞ்ச நேரம் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும். பெரும்பாலும் அவ்வளவுதான்.

எண்ணெய் ஆறுவது

நல்ல செய்தியும் உண்டு. பால் ஒவ்வாமை உள்ள குழந்தைகளில் பெரும்பாலானோருக்கு வளர வளர எண்ணெய் ஆறிவிடுகிறது. முட்டைக்கும் அப்படியே. வேர்க்கடலையில் ஐந்தில் ஒருவருக்குத்தான் ஆறுகிறது. ஆறியதா என்று அறிய ஆண்டுதோறும் மருத்துவரிடம் காட்டுங்கள். இன்னும் தேவையா என்று பார்க்காமலே பல ஆண்டு பத்தியம் இருக்கும் பிள்ளைகள் உண்டு.

நியூயார்க் மவுண்ட் சைனாய் மருத்துவமனையின் ஆய்வு ஒன்று 2008இல் வெளியானது. பால் ஒவ்வாமை உள்ள 100 குழந்தைகளில் 68 பேர், மாவோடு கலந்து நன்றாக வெந்த மஃபினிலும் வாஃபிளிலும் உள்ள பாலை மட்டும் தாங்கினார்கள். 23 பேர் அதற்கும் எதிர்வினை காட்டினார்கள், சிலருக்கு அட்ரினலினே தேவைப்பட்டது. அந்த 68 பேரில் உங்கள் குழந்தை உண்டா, 23 பேரில் உண்டா என்பதை மருத்துவமனையில்தான் பார்க்க முடியும். தாங்கும் என்று தெரிந்த பிறகு மருத்துவர் சொல்லும் படிகளில் பிஸ்கட்டிலிருந்து தொடங்கி மெல்ல ஏறலாம்.

அடுத்துப் பிறக்கும் குழந்தைக்கு என்ன செய்வது? முன்பெல்லாம் ஒவ்வாமை தரும் உணவுகளைத் தள்ளிப்போடச் சொன்னார்கள். கிடியன் லாக் தலைமையில் லண்டனில் நடந்த ஆய்வு அதைத் தலைகீழாக்கியது. கடுமையான கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ இருந்த 640 கைக்குழந்தைகளில் ஒரு பாதிக்கு வேர்க்கடலையைத் தொடர்ந்து கொடுத்தார்கள், மறு பாதிக்குத் தவிர்த்தார்கள். ஐந்து வயதில், தவிர்த்தவர்களில் நூற்றுக்கு 17 பேருக்கு வேர்க்கடலை ஒவ்வாமை இருந்தது. சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 3 பேருக்குத்தான். 2015இல் இது வெளியானது. ஆகவே தம்பி தங்கைக்கு ஆறு மாதம் வாக்கில் திட உணவு தொடங்கும்போது, மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, முட்டையையும் நன்கு அரைத்த கடலையையும் தள்ளிப்போடாமல் கொடுக்கலாம். முழுக் கடலையை மட்டும் சின்னக் குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது, மூச்சுக்குழாயில் சிக்கும்.

தட்டில் குறைவதை ஈடுகட்டுவது

பாலை நிறுத்தினால் சுண்ணாம்புச் சத்தும் புரதமும் குறையும். ஒன்று முதல் மூன்று வயதுக் குழந்தைக்கு நாளொன்றுக்குச் சுமார் 500 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து வேண்டும். 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் உண்டு, 100 மில்லி பாலில் உள்ளதைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. ஆனால் தானியத்தில் உள்ளதை உடல் பால் அளவுக்கு உறிஞ்சுவதில்லை, குழந்தையால் அவ்வளவு கேழ்வரகு சாப்பிடவும் முடியாது. கேழ்வரகு, முருங்கைக்கீரை, முள்ளோடு தின்னும் சின்ன மீன் என்று சேர்த்துக் கொடுத்தாலும் பற்றாக்குறை இருக்கலாம், மருந்தாகவும் கொடுக்க வேண்டியிருக்கும். எள்ளில் நிறையச் சுண்ணாம்புச் சத்து உள்ளது, ஆனால் எள்ளே சிலருக்கு ஒவ்வாமை. பாதாம் பால், தேங்காய்ப்பால் இரண்டிலும் புரதம் குறைவு. ஒரு வயதுக்குள் தாய்ப்பால் போதாத குழந்தைக்கு மருத்துவர் எழுதித் தரும் சிறப்புப் பால் பவுடர்தான் மாற்று. தாய் பால் சாப்பிட்டதால் தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குத் தொந்தரவு என்று உறுதியானால் மட்டும் தாய் பாலை நிறுத்தினால் போதும். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம், அப்போது தாய்க்கும் சுண்ணாம்புச் சத்து மாத்திரை வேண்டும்.

பேசத் தெரிந்த நாளிலிருந்தே குழந்தைக்கு ஒரு கேள்வியைக் கற்றுக்கொடுங்கள்: "இதுல பால் இருக்கா?" யார் என்ன கொடுத்தாலும் கேட்கட்டும், பதில் தெரியவில்லை என்றால் வாங்காமல் இருக்கட்டும். பதின்வயதில் ஊசியைத் தன் பையில் தானே வைத்துக்கொள்ளவும், நண்பன் ஒருவனுக்கேனும் போடும் முறையைச் சொல்லிவைக்கவும் பழக வேண்டும். அந்த வயதில் கூச்சத்தால் சொல்லாமல் சாப்பிடுவதுதான் பெரிய ஆபத்து. அதுவரை பெரியவர்கள் செய்ய வேண்டியது இது: குழந்தைக்கு ஒத்துக்கொள்ளாதவை, வந்தால் தெரியும் அறிகுறிகள், ஊசியின் அளவு, அது இருக்கும் இடம், மருத்துவரின் எண், 108, எல்லாவற்றையும் ஒரே தாளில் பெரிய எழுத்தில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். ஒரு நகல் பள்ளிக்கூடத்துக்கு, ஒரு நகல் பாட்டி வீட்டுக்கு. மருந்து காலாவதியாகும் தேதியையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.